சிவந்த வரிகள்

கல்லூரி நூலகக் கணினியில், காப்பியடித்ததைக் கண்டுபிடிக்கும் மென்பொருள் நஸ்ரியாவின் ஆய்வுக் கட்டுரையில் பாதியைச் சிவப்பாக்கியிருக்கிறது. இப்படியே அனுப்பினால் இதழ் ஏற்காது. சிவந்தவை, சோமனூர்த் தறிக்கூடங்களின் இரைச்சலுக்கு நடுவே நெசவாளர்களிடம் அவள் கேட்டெழுதியவை. நெறியாளர் மோகன்குமாரிடம் திருத்தக் கொடுத்தவை. போன மாதம் அவர் பெயரில் வேறோர் இதழில் வந்திருக்கின்றன. அவர் அவளுக்குப் பின்னால்தான் நிற்கிறார். “ஏனுங்க, என் கட்டுரை ஒண்ண மட்டும் சோதனைல சேர்க்காம உட்டுப்போடுங்க. நம்ம புள்ளதானுங்க” என்று நூலகரிடம் சிரிக்கிறார். நூலகரின் சுட்டி ‘நீக்கு’ என்பதன்மேல் நிற்கிறது. “நீக்குனா உங்க கட்டுரை தப்பிச்சுக்குமுங்க அம்மணி. நீக்கட்டுங்களா?” மின்விசிறிக் காற்றில் மேசைத்தாள்கள் படபடக்கின்றன. நஸ்ரியா திரையிலிருந்து கண்ணெடுக்காமல் சொல்கிறாள்: “வேண்டாமுங்க. சார் பேரு தெரியற மாதிரி அப்படியே பிரிண்ட் எடுத்துக் குடுங்க.” அவள் நாற்காலியைப் பிடித்திருந்த மோகன்குமாரின் கை மெல்ல விலகுகிறது.