பிடிக்க ஒரு ஆள்

"மறுபடியும் கூப்பிடறாளா அந்தச் சிடுமூஞ்சி சிஸ்டர்?"

அக்கா கேட்டதும் தங்கைக்கு அழுகையே வந்துவிட்டது. காலை மணி ஏழு. ஆபரேஷன் செய்த தையல் இன்னும் சுருக் சுருக்கென்கிறது. கட்டிலை விட்டு இறங்கவே கால் மணி நேரம். அப்புறம் ஒரு வராந்தா, லிப்ட், இன்னொரு வராந்தா. அது முடிகிற இடத்தில்தான் குறைமாதக் குழந்தைகளின் அறை.

ஏழாம் மாதத்திலேயே அவசரப்பட்டு வந்துவிட்ட மகள் அங்கே கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தாள். ஒண்ணேகால் கிலோ. பெரியம்மா வைத்த செல்லப் பெயர் எலிக்குட்டி. தினமும் காலையில் குதிகாலில் ஊசி குத்தி, அவளிடமிருந்து ரத்தம் எடுப்பார்கள்.

"குத்தறது அவ வேலை. அதுக்கு நீ எதுக்குடி?"

"பிடிச்சுக்கணுமாம்க்கா."

"ஒண்ணேகால் கிலோவைப் பிடிக்க ஒரு ஆளா? திமிறிக்கிட்டு ஓடவா போறா?"

அக்கா இன்று கூடவே கிளம்பினாள். ரெண்டில் ஒன்று பார்த்துவிடும் முடிவோடுதான்.

சிஸ்டர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "மோதிரத்தைக் கழட்டுங்க. முழங்கை வரைக்கும் சோப்பு போட்டுக் கழுவுங்க."

"நேத்துதானே கழுவினேன் சிஸ்டர்..."

"நேத்து கழுவினது நேத்தோட போச்சு."

தங்கை கழுவிவிட்டு வந்தாள்.

"ரெண்டு சொட்டுப் பால் எடுத்து நாக்குல வைங்க. ம்... ஒரு கை தலையில. தடவக் கூடாது, சும்மா வைங்க. இன்னொரு கையால காலை மடக்கி வயித்தோட சேர்த்துப் பிடிங்க."

சிஸ்டர் ஒரு குதிகாலை மட்டும் வெளியே எடுத்துக் குத்தினாள். பிள்ளை முகத்தைச் சுளித்தது. அவ்வளவுதான். ரத்தமும் எடுத்தாயிற்று.

"போகட்டுமா சிஸ்டர்? நிக்க முடியல."

"கையை எடுக்காதீங்க." ஒரு ஸ்டூலைக் காலால் தள்ளிவிட்டாள். பத்து நிமிடம் கழித்துத்தான் விட்டாள்.

கதவோரம் நின்றிருந்த அக்காவுக்குப் பொறுக்கவில்லை. "ஏம்மா, ஒன்பது நாளா இந்தக் கூத்து நடக்குது. பிடிக்க இங்க வேற ஆளே இல்லையா?"

"அவங்க கையாத்தான் இருக்கணும்."

"அதான் ஏன்னு கேக்கறேன்?"

பக்கத்துப் பெட்டியில் மணி அடித்தது. சிஸ்டர் அங்கே ஓடிவிட்டாள்.

"பாத்தியா? பதில் சொல்ல வாய் இல்ல. தன் வேலையை உன் தலையில கட்டறா."

அன்றைக்கே ஆஸ்பத்திரி ஆபீஸில் உட்கார்ந்து அக்கா மளமளவென்று புகார் எழுதினாள். தையல் பிரிந்தால் யார் பொறுப்பு என்பது வரைக்கும் எழுதிவிட்டு, பேனாவைத் தங்கையிடம் நீட்டினாள்.

"வேலைக்கு ஏதாவது ஆயிடுமோக்கா? பாவம்."

"அவளுக்குப் பாவம் பாத்தா, உன் உடம்புக்கு யாரு பாவம் பாக்கறது? போடு கையெழுத்தை."

போட்டாள்.

சாயங்காலமே பதில் வந்துவிட்டது. அந்த சிஸ்டரை வேறு வார்டுக்கு மாற்றியாயிற்று. இனி அம்மாவை யாரும் தொந்தரவு செய்ய மாட்டார்கள்.

மறுநாள் காலை தங்கை எட்டரை மணி வரைக்கும் தூங்கினாள். பிள்ளை பெற்ற பிறகு இப்படி ஒரு தூக்கம் இதுதான் முதல் தடவை. எழுந்து, முகம் கழுவி, ஒரு டம்ளர் பாலை நிதானமாகக் குடித்துவிட்டு, அக்காவின் தோளைப் பிடித்துக்கொண்டு மெதுவாக நடந்தாள்.

ரெண்டாவது வராந்தாவில் திரும்பும்போது கேட்டது. நூல் மாதிரி ஒரு அழுகை. நின்று, மூச்சுப் பிடித்து, மறுபடியும் கிளம்புகிற அழுகை.

"யாரு பெத்த பிள்ளையோ, பாவம்" என்றாள் அக்கா.

கதவைத் திறந்தார்கள். எலிக்குட்டிதான். முகமெல்லாம் ரத்தச் சிவப்பு. பத்து விரலும் விரிந்து, பிடிக்க ஒன்றும் கிடைக்காமல் காற்றில் துழாவிக்கொண்டிருந்தன. கால் ரெண்டும் உதைத்த உதையில் விரிப்பு சுருண்டு கிடந்தது.

புது சிஸ்டர் சிரித்த முகம். பஞ்சால் குதிகாலை ஒற்றிக்கொண்டே, "வந்துட்டீங்களாம்மா? நல்லாத் தூங்கினீங்களா? இப்பத்தான் ரத்தம் எடுத்தேன்" என்றாள்.

"ஏன் சிஸ்டர் இப்படி அழறா?"

"ஊசி குத்தினா எந்தப் பிள்ளையும் அழத்தானே செய்யும்?"

"இவ அழ மாட்டா சிஸ்டர்! தினமும் பக்கத்துலதானே இருந்தேன். ஒரு நாள்கூட இப்படி அழுததில்ல!"

சொல்லும்போதே மோதிரத்தைக் கழற்றி அக்கா கையில் திணித்தாள். தையலை மறந்து தொட்டிக்கு ஓடினாள். முழங்கை வரைக்கும் கழுவினாள். ஒரு கை தலையில். இன்னொரு கையால் காலை மடக்கி வயிற்றோடு சேர்த்து.

அழுகை நின்றது என்று சொல்ல முடியாது. விக்கலாயிற்று. விக்கல் பெருமூச்சாயிற்று. துழாவிய விரல்கள் அவள் கட்டை விரலைக் கண்டுபிடித்துப் பற்றிக்கொண்டன.

அக்கா மோதிரத்தைப் பிடித்தபடி பெட்டிக்குக் கிட்டே வந்தாள்.

புது சிஸ்டர் பிள்ளையையும் அம்மாவையும் மாறி மாறிப் பார்த்தாள். "உங்களைக் கூப்பிடக் கூடாதுன்னு மட்டும்தாம்மா எங்கிட்ட சொன்னாங்க" என்று முணுமுணுத்தபடி, பெட்டியில் தொங்கிய அட்டையை எடுத்துப் புரட்டினாள். ஒரு பக்கத்தில் அவள் விரல் நின்றது. அதை அக்காவிடம் நீட்டினாள்.

தேதி வாரியாகக் கட்டம் போட்டிருந்தது. 'வலிக்குக் கொடுத்த மருந்து' என்ற கட்டம் இன்றைக்குக் காலி.

அதற்கு மேலே ஒன்பது நாளும், சிடுமூஞ்சி சிஸ்டரின் கோணல் எழுத்தில் ஒரே மருந்து:

'அம்மா.'