சுருட்டிக் கட்டிய ஊஞ்சல்

காலனிப் பூங்காவில் இருந்த ஊஞ்சலுக்குத் தினமும் வயிற்றெரிச்சல். விடிந்ததும் ஷட்டில் ஆட வருகிறவர்கள், பிள்ளைகள் குறுக்கே ஓடாமலிருக்க அதன் பலகையை மேல்கம்பியில் சுருட்டி ஏற்றிவிடுவார்கள். சாயங்காலம் தோட்டக்காரர் இறக்கிவிடும்வரை அதற்கு ஆட்டமும் கிடையாது, குரலும் கிடையாது.

"பிள்ளைங்க அண்ணாந்து பார்த்துட்டு அழுதுக்கிட்டே போகுதுங்க. உனக்கு வெட்கமா இல்ல?" என்று ஒருநாள் இறங்கியதுமே, எட்டும் தூரத்தில் கட்டியிருந்த ஷட்டில் வலையைப் பார்த்துக் கிறீச்சிட்டது.

"சுருட்டுறது நானா? ஆடுறவங்களைப் போய்க் கேளு!" என்று வலையும் எகிறியது.

சிமெண்டு பெஞ்சு தொண்டையைக் கனைத்தது. "பார்க்குன்னா அக்கடான்னு உட்கார்றதுக்குத்தான். இந்த வலை தொலைஞ்சா உன்னை யாரும்மா சுருட்டப் போறா?"

"அப்படிச் சொல்லுங்கண்ணே!" என்ற ஊஞ்சல், ஆவேசமாக வீசி ஆடி, பலகை முனையால் வலையை நடுவில் கிழித்துப் போட்டது.

மறுநாள் ஷட்டில்காரர்கள் திட்டிக்கொண்டே திரும்பிப் போனார்கள். காலையிலேயே ஊஞ்சலில் பிள்ளைகள் கும்மாளமிட்டார்கள். பெஞ்சில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்கள் எழுந்து வந்தார்கள்.

"சே, காது கிழியுது!"

பிள்ளைகளை விரட்டிவிட்டு, பலகையைச் சுருட்டி ஏற்றி, கட்டுக்கம்பியால் முறுக்கியும் விட்டார்கள்.

ஊஞ்சல் மேலே கொதித்துக்கொண்டிருந்தது. பெஞ்சு அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பக்கத்து நடைபாதையிடம் குழைவாகப் பேசிக்கொண்டிருந்தது.

"புல்தரையில யோகா பண்றாங்களே, அந்த மூச்சுச் சத்தம் உனக்குத் தொந்தரவா இல்லையாம்மா?"

ஊஞ்சல் கத்தப் பார்த்தது. ஆடாமல் குரல் எங்கே வரும்?

"அப்படிச் சொல்லுங்கண்ணே!" என்றது நடைபாதை.