மணலில் நின்ற படகு

மகாஜனங்கள் காது கொடுத்துக் கேட்க வேண்டிய மாபெரும் அறிவிப்பு: நம் ஆற்றில், மலை தொடங்கிக் கடல் வரைக்கும், வெள்ளம் இனி ஆடி மாதத்தில் மட்டுமே வரும். அணை இருக்கும் மேல்கோடியில் அப்படித்தான் வருகிறதாம். ஆகவே கடைமடையில் கிடக்கும் எங்கள் ஊருக்கும் ஆடி ஒன்றாம் தேதி மீட்புப் படகு வந்து இறங்கியது. காய்ந்து கிடந்த ஆற்று மணலில் அதை நிறுத்தி, எங்களை உள்ளே உட்காரவைத்து, பொறியாளர் திருவேங்கடம் கழுத்தில் மாலையோடு காப்பாற்றினார். புகைப்படத்துக்காக ஒரு ஆடும் காப்பாற்றப்பட்டது.

ஆடி முடிந்த மறுநாள் படகை எடுத்துப்போக லாரியோடு பொறியாளரும் வந்தார். குஞ்சம்மாள் ஓடிப்போய்ப் படகில் ஏறி உட்கார்ந்துகொண்டாள்.

"இங்க ஐப்பசி மழைக்குத்தான் சார் ஆறு பொங்கும். போன வருசம் நடக்கமுடியாத என் வீட்டுக்காரரை, கதவைக் கழட்டி அதுல படுக்கவச்சு இழுத்துக்கிட்டு நீந்துனேன்."

"அது வெள்ளம் இல்லம்மா, மழைத்தண்ணி தேங்குறது. வெள்ளம்னா மேலேருந்து வரணும்."

"கழுத்து வரைக்கும் வந்தப்ப அது எங்கேருந்து வர்றேன்னு சொல்லலியே, சார்."

"வாய் ரொம்ப நீளுது. இறக்குங்கய்யா இவளை."

நாலு பேர் சேர்ந்து படகை ஒருபக்கமாகச் சாய்த்தார்கள். அவள் மணலில் உருண்டாள். பொறியாளர் குனிந்து, படகில் கீறல் எதுவும் விழவில்லையே என்று தடவிப் பார்த்தார்.

ஐப்பசி ஒன்பதாம் தேதி குஞ்சம்மாள் கதவைக் கழற்றினாள்.