பன்னிரண்டு குன்றிமணி

ஆறாவது குன்றிமணியும் சாமுண்டியின் விரலிடுக்கிலிருந்து நழுவி மண்தரையில் உருண்டது. பொன்னியம்மா திட்டவில்லை. மடியிலிருந்து துளி வெல்லத்தைக் கிள்ளி மகளின் வாயில் வைத்தாள்.

"இன்னும் ஆறு கீது. எடுத்து செம்புல போடு கண்ணு."

மிச்சமிருந்த ஆறையும் சாமுண்டி எடுத்தாள். அதில் ஒன்றுகூடச் செம்புக்குள் போகவில்லை. இன்னொரு துளி வெல்லம் கிடைத்தது.

வாசலில் குந்தியிருந்த பக்கத்துக் குடிசைக் குப்பம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "கொயந்த அயுவாம இருக்கோணும்னு வெல்லம் வேறயா? ஒன்ன மாதிரி பொறுமை எனக்கு இல்லடிம்மா."

சாமுண்டிக்கு ஆடி மாசம் கடும் ஜுரம். அது இறங்கியதிலிருந்து விரல்களில் பிடி இல்லை என்று அந்தப் பத்துக் குடிசைக்கும் தெரியும். அன்று முதல் பொன்னியம்மா மகளுக்கு விதவிதமாக விளையாட்டுக் கண்டுபிடித்தாள். உடைந்த வளையலை ஈர்க்கில் கோர்ப்பது, புளியங்கொட்டையை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவது, நூலில் முடிச்சுப் போட்டு அவிழ்ப்பது. நான்கு மாசமாகியும் கோர்த்தது உதிர்ந்தது, அடுக்கியது சரிந்தது.

"எனக்கு ஒன்னுதான் பிரியல," என்றாள் குப்பம்மா. "கை நல்லா ஆச்சின்னா பீடிக் கொட்டகை மேஸ்திரி இட்டுகினு பூடுவான். ஆவலன்னா காலத்துக்கும் மொடம். நீ எது வோணும்னு இந்தப் பாடு பட்றே?"

பொன்னியம்மா தரையில் கிடந்த மணிகளைப் பொறுக்கி மறுபடியும் மகள் முன்னால் வைத்தாள்.

குடிசைகள் நின்றது மிராசுதாரின் மனையில். அவருக்கு வேலப்பன்சாவடிச் சாலையில் ஒரு பீடிக் கொட்டகை இருந்தது. குடிசைக்கு ஒரு பிள்ளை ஆறு வயசானதும் பீடி முனை மடிக்க அங்கே போக வேண்டும், மாட்டேன் என்றால் குடிசையைக் காலி செய்ய வேண்டும். கலெக்டர் துரையின் சட்டமெல்லாம் பூந்தமல்லியோடு சரி, அதற்கு இந்தப் பக்கம் மிராசுதார் வைத்ததுதான் சட்டம்.

புகையிலைத் தூள் காற்றில் பறக்கக் கூடாதாம், அதனால் கொட்டகையை வெளியே பூட்டிவிடுவார்கள். பொழுது சாய்ந்தால்தான் திறப்பார்கள். பொன்னியம்மாவின் மூத்த மகள் வடிவு இரண்டு வருஷம் அந்தப் பூட்டுக்குள் கிடந்தாள். போன தை மாசம் இருமி இருமியே செத்துப்போனாள். இப்போது சாமுண்டிக்கு ஆறு வயசு.

மறுநாள் காலையில் மேஸ்திரி கோதண்டம் வந்தான். எப்போதும் சிரித்த முகம். முறைத்துக்கொண்டு பிள்ளை பிடிக்கிறவனையாவது ஏசலாம், சிரித்துக்கொண்டு பிடிக்கிறவனை என்ன செய்வது?

ராஜா தலை போட்ட பிஸ்கட் டப்பாவிலிருந்து பன்னிரண்டு குன்றிமணியும் வாய் குறுகின மருந்து பாட்டிலும் எடுத்துத் தரையில் வைத்தான். அவன் இருபது எண்ணுவதற்குள் பன்னிரண்டையும் ஒவ்வொன்றாகப் பாட்டிலுக்குள் போட வேண்டும். போட்ட பிள்ளை கொட்டகைக்கு. போடத் தெரியாத பிள்ளையால் பீடி இலைதான் பாழ் என்று விட்டுவிடுவான்.

"ஜுரத்துல கொயந்தைக்குக் கை பூட்ச்சி மேஸ்திரி," என்றான் அப்பன் துலுக்கானம். துலுக்கானத்துக்குப் பொய் சொல்ல வராது, அது மேஸ்திரிக்கும் தெரியும்.

"பூட்ச்சா இல்லையான்னு நான் பாத்துக்கறேன். பாப்பா, ஆரம்பி. ஒன்னு... ரெண்டு..."

முதல் மணி பாட்டிலின் விளிம்பில் பட்டு வெளியே விழுந்தது. இரண்டாவது விளிம்பைக்கூடத் தொடவில்லை. சாமுண்டி நாக்கைக் கடித்துக்கொண்டு, கண்ணை இமைக்காமல், அவ்வளவு கவனமாக எடுத்தாள். அந்தக் கவனத்தைப் பார்த்த பொன்னியம்மா குடிசைக் கம்பத்தை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"பத்தொம்போது... இருவது."

பாட்டில் காலியாக இருந்தது. மேஸ்திரி குழந்தையின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்து அழுத்திப் பார்த்தான். வீக்கமில்லை, கோணலில்லை. உதட்டைப் பிதுக்கினான்.

"துன்றதுக்குத்தான் ஆவும் இது, வேலைக்கு ஆவாது. இட்டுகினு போனேன்னா மிராசுதார் என் தோல உரிச்சிடுவாரு. போ, இந்த ஊட்ட உட்டுட்டேன். பேசாம குடிசைலயே கெடங்க."

துலுக்கானம் அவன் காலிலேயே விழுந்துவிட்டான். பொன்னியம்மாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வடிவு போனதிலிருந்து நெஞ்சில் அடைத்துக்கொண்டிருந்தது அப்போதுதான் கொஞ்சம் இறங்கியது. ஒரு பெண்ணையாவது காப்பாற்றியாகிவிட்டது.

மேஸ்திரி மணிகளைப் பொறுக்கி டப்பாவில் போட்டு மூடினான். தாழ்ந்த கூரைக்குக் குனிந்து, ஒரு காலை வாசலுக்கு வெளியே வைத்தான்.

அம்மா இன்னும் வெல்லம் தரவில்லையே என்று சாமுண்டிக்குத் தாங்கவில்லை. ஓடிவந்து புடவையைப் பிடித்து இழுத்து, முகமெல்லாம் மலர, சத்தமாகக் கேட்டாள்.

"ஒன்னு உடாம கீய போட்டுட்டேம்மா, நான் கெலிச்சிட்டேன் இல்ல?"