புது ரேம்

உறைமோர் வாங்கும் சாக்கில் எதிர் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். புது ரேம் போட்டதிலிருந்து ஹேமலதாவின் கம்ப்யூட்டர் பாதியிலேயே அணைந்து போகிறதாம். சாயங்காலத்துக்குள் கல்யாண வீடியோவை முடித்துத் தராவிட்டால் அடுத்த ஆர்டர் கிடையாது. "கண்ணு பட்டிருக்கு," என்றாள் அவள் மாமியார் சௌந்தரம், என்னைப் பார்த்துக்கொண்டே. நான் பெருந்தன்மையாக மோரைப் பார்த்தேன். ஹேமலதா எதையும் காதில் வாங்காமல் கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தாள். ரேமைச் சொருகும் தங்க நிற ஓரத்தில் காய்ந்த சந்தனமும் குங்குமமும் இருந்தன. "புதுப் பொருளாச்சே, நான்தான் வச்சேன்," என்றாள் சௌந்தரம். ஹேமலதா ரப்பரால் தேய்த்து மாட்டினாள். வீடியோ நிற்காமல் ஓடியது. மாமியார் முகம் தொங்கிப்போனது. ஹேமலதா பெட்டியை மூடி, திருகாணியை இறுக்கிவிட்டு, குங்குமச் சிமிழை நீட்டினாள். "இப்ப வைங்க அத்தை, வெளிப்பக்கம்." சௌந்தரம் எனக்குத் தெரியும்படி பெரிசாகவே வைத்தாள்.