ஞாயிறு ஈரல் வறுவல்

டாக்டரிடம் நாக்கை நீட்டினாள்.

வழுவழுவென்று சிவந்து, மெழுகு பூசிய மாதிரி இருந்தது. நான் எட்டித்தான் பார்த்தேன். துணைக்கு வந்தவள் பார்க்கக்கூடாதா.

துணை என்பது நானாக வைத்துக்கொண்ட பெயர். அவள் சுவரைப் பிடித்துப் பிடித்து ஆட்டோவுக்கு நடந்ததைப் பார்த்தேன். நானும் ஏறிக்கொண்டேன். பக்கத்து வீட்டு அக்கா. என்ன ஏது என்று தெரியாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது.

டாக்டர் சின்ன வயசு. ரத்தம் பார்த்த தாளைத் திருப்பினார்.

"சிவப்பணு ஒவ்வொண்ணும் ஊதிப் பெருசா இருக்கும்மா. ஆனா எண்ணிக்கை கம்மி. அதான் இந்தச் சோகை, கால் மரத்துப்போறது எல்லாம்."

பெரிசு. ஆனால் கொஞ்சம்.

அவள் வீடும் அப்படித்தான். மகன் ஜெபசிங் பஹ்ரைனிலிருந்து பணம் அனுப்பிக் கட்டியது. மாடியில் மூன்று அறை, கீழே இரண்டு. ஆள் ஒன்று.

காரணம் தெரிந்தால் மகனுக்கும் போன் போட்டுச் சொல்லிவிடுகிறேன் என்று டாக்டர் ஆரம்பித்தார். தைராய்டு உண்டா. இல்லை. சர்க்கரைக்கு மாத்திரை? இல்லை.

"தப்பா நெனைக்காதீங்க. குடிக்கிற பழக்கம்?"

"டீ" என்றாள்.

நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"சரி, என்ன சாப்பிடுவீங்க?"

இதற்கு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

காலையில் இட்லி, அவித்த முட்டை. மத்தியானம் சாளை மீன் குழம்பு, கீரை. ஞாயிறு ஈரல் வறுவல்.

மூச்சு விடாமல் சொன்னாள். வாராவாரம் போனில் மகனுக்கு ஒப்பிப்பதும் இதையேதான். எங்கள் சமையலறை ஜன்னல் அவள் ஹாலுக்கு நேர் எதிர். நான் என்ன செய்ய.

மீன் வாங்குகிற வீட்டு வாசலில் பூனை நிற்கும். அவள் வாசலில் ஒரு பூனை நின்று நான் பார்த்ததில்லை. குப்பை வண்டியில் அவள் கொட்டுவது ரஸ்க் கவரும் டீத்தூள் கவரும். வீட்டுக்காரர் போன பிறகு வருஷக்கணக்காக இதுதான். ஒத்தை ஆளுக்கு எதற்கு அடுப்பு என்று விட்டிருப்பாள்.

தெருவில் யாரிடமும் இதை நான் இன்னும் சொல்லவில்லை. எனக்கே ஆச்சரியம்.

ஸ்பீக்கரில் ஜெபசிங் பேசியதும் அந்த ஜன்னல் வழியாக என் காதுக்கு வந்ததுதான்.

"முடியலைன்னா சொல்லிரும்மா. மதுரையில நல்ல முதியோர் ஹோம் ஒண்ணு பாத்து வச்சிருக்கேன். வீட்ட வாடகைக்கு விட்டுரலாம்."

அன்றைக்கு அவள் ஒப்பித்ததில் ஈரலோடு மூளை வறுவலும் சேர்ந்தது.

டாக்டர் பேனாவை மூடினார்.

"இவ்வளவு நல்லா சாப்பிட்டும் பி12 சத்து இல்லைன்னா, வயிறு அத உறிஞ்சலைன்னு அர்த்தம். ஊசி இன்னைக்கே ஆரம்பிச்சிரலாம். ஆனா வாய் வழியா குழாய் விட்டு உள்ள பார்க்கணும்."

அவள் கை தொண்டைக்குப் போனது.

டாக்டர் என் பக்கம் திரும்பினார்.

"நீங்க பக்கத்து வீடுதான? நல்லா சாப்பிடுறாங்களா?"

என் வாய்க்கு இப்படி ஒரு வாய்ப்பு வந்ததே இல்லை.

ரஸ்க் என்று ஒரு வார்த்தை. குழாய் வேண்டியிருக்காது. சாயங்காலத்துக்குள் அந்த வார்த்தை பஹ்ரைனுக்கும் போய்விடும்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. மேஜை விளிம்பில் விரலை அழுத்தி, அழுத்திய விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா குழம்பு கூட்டுனா எங்க வீட்டுல உக்கார முடியாது டாக்டர்" என்றேன். "அப்படி வாசம்."

டாக்டர் குழாய்க்கு எழுதினார்.

"முந்தின நாள் ராத்திரிச் சாப்பாட்ட சீக்கிரம் முடிச்சிரணும். அப்புறம் காலை வரைக்கும் வெறும் வயிறு. இருந்துருவீங்களா?"

கொஞ்சம் யோசித்தாள். பெரிய கஷ்டத்துக்கு ஒப்புக்கொள்கிறவள் மாதிரி, "இருந்துக்கிடுதேன்" என்றாள்.

கெட்டிக்காரி.

"கூட யாரு வருவா? ஒரு ஆளு கட்டாயம் வேணும்."

வாயைத் திறந்தாள்.

மூடினாள்.

இந்தக் கேள்வியை ஜெபசிங் கேட்டதே இல்லை.

டாக்டர் காத்திருந்தார். வெளியே அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்கள்.

நான் மடியிலிருந்த பையைத் தோளில் மாட்டிக்கொண்டேன்.

"என்னைக்கு டாக்டர்?" என்றேன்.