பெயர் வெளியே போகாது

தெய்வசிகாமணி குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டு, வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்து, மனைவியின் போனில் பேர் தெரியாத ஒரு பெண்ணோடு கிசுகிசுத்துக்கொண்டிருந்தார். அவருக்கு வயது ஐம்பத்தெட்டு. இருமலுக்கென்று அன்றைக்கு லீவு போட்டிருந்தார்.

"இந்தாய்யா, உள்ள யாராண்ட பேசிக்கினு இருக்கிற?" அஞ்சலாட்சி கதவைத் தட்டினாள்.

"யாராண்டயும் இல்ல. இருமுறேன்."

"இருமலுக்கு நடுவுல 'சொல்லும்மா, சொல்லும்மா'ன்னு காதுல வுழுதே?"

அவர் குழாயைத் திறந்துவிட்டார். நெல்லித்தோப்பில் அந்த நேரத்துக்குக் குழாயில் காற்றுதான் வரும். அதுவும் நன்றாகவே இரைந்தது.

"தயங்காமல் கூறுங்கள் ஐயா," என்றது போனில் குரல். டிவியில் செய்தி வாசிக்கிற தமிழ். "தங்கள் பெயர் வெளியே போகாது."

விஷயம் இதுதான். தெய்வசிகாமணி ஸ்டோர்ஸ் பார்க்கிற கம்பெனி, மிக்சரும் ஓமப்பொடியும் போட்டு பாரீசுக்கு அனுப்புகிறது. காட்டை அழித்துப் போட்ட தோட்டத்துப் பாமாயிலில் பொரித்தது எங்களுக்கு ஆகாது என்று பாரீஸ்காரன் சொல்லிவிட்டான். ஆகவே எண்ணெய் கொண்டுவருகிற டேங்கர் ஒவ்வொன்றுக்கும், காட்டை அழிக்காத எண்ணெய்தான் என்று ஒரு சான்றிதழ் வரவேண்டும். அதைப் பார்த்துச் சரி என்று தெய்வசிகாமணி கையெழுத்துப் போடவேண்டும்.

தை மாதம் ஒரே ஒரு டேங்கர் சான்றிதழோடு வந்தது. அப்புறம் எங்கிருந்தோ வந்த பதினோரு டேங்கருக்கும் அதே தாளின் ஜெராக்ஸ்தான். ஜெராக்சுக்கு ஜெராக்ஸ் எடுத்து எடுத்து, முத்திரையில் இருந்த எண்ணெய்ப்பனை ஓலையெல்லாம் உதிர்ந்து மொட்டைக் கம்பமாகிவிட்டது. காடு அழியவில்லை என்று சொல்ல வந்த தாளில் முதலில் அழிந்தது அந்த மரம்தான்.

பதினொன்றிலும் அவர் கையெழுத்து. மாட்டினால் முதலாளி, 'எனக்கென்ன தெரியும், ஸ்டோர்ஸ்காரரைக் கேளுங்க' என்று கை கழுவிவிடுவார். வாய்விட்டுக் கேட்டவன் கூட வேலை பார்த்த அய்யப்பன் ஒருத்தன்தான். மறுநாள் காலை கேட்டில் இருக்கிற மெஷின் அவன் விரலைப் பார்த்து ஆள் தெரியவில்லை என்றது. பதினாறு வருஷம் வைத்த விரல்.

போன வாரம், பாரீஸ்காரன் சொன்னானென்று, கை கழுவுகிற இடத்தில் ஒரு நோட்டீஸ் ஒட்டினார்கள். எண்ணெய் விஷயத்தில் தப்பு நடந்தால் இந்த நம்பருக்குக் கூப்பிடுங்கள். "பெங்களூர்ல எடுப்பாங்களாம்" என்றார் சூப்பர்வைசர்.

தெய்வசிகாமணி ஒன்று விடாமல் சொன்னார். சொல்லிவிட்டுப் பயம் வருமென்று காத்திருந்தார். வரவில்லை. மரத்துப்போன காலைக் கிள்ளினால் யார் காலையோ கிள்ளுகிற மாதிரி இருக்குமே, எட்டு மாசமாக அவருக்கு உடம்பு முழுக்க அப்படித்தான் இருந்தது.

அந்தப் பக்கம் சங்கு ஊதுவது கேட்டது. மணி பன்னிரண்டரை. நம்ம கம்பெனி மாதிரியே பெங்களூரிலும் இந்நேரத்துக்குத்தான் சோற்றுக்கு விடுகிறார்கள் போல என்று நினைத்துக்கொண்டார். இருமல் பிடித்துக்கொண்டது.

"சித்தரத்தைத் துண்டு ஒன்றை வாயில் அடக்கிக்கொள்ளுங்கள் ஐயா. இரண்டு நாளில் நின்றுவிடும்," என்றது குரல்.

எண்ணெய்ப் புகையில் இருபத்திரண்டு வருஷமாக இருமுகிறார். இருமலை ஒருத்தர் விசாரித்தது இதுதான் முதல் தடவை.

கதவைத் திறந்ததும் அஞ்சலாட்சி இடுப்பில் கை வைத்து நின்றாள். "யாரு அவ?"

"பெங்களூரு."

"பெங்களூரா! பேரு இன்னா?"

"பேரெல்லாம் வெளிய போவக்கூடாது."

"நல்லா இருக்குய்யா உன் நாயம்!"

"ஊட்ல சித்தரத்தை இருக்குதா?"

"அவ சொன்னாளா?"

அவர் இருமிக் காட்டினார். அவள் சித்தரத்தை தரவில்லை. ராத்திரிச் சோறு கேட்டதற்கு, "பெங்களூர்லேர்ந்து வரும், குந்திக்கினு இரு" என்றாள்.

மறுநாள் காலை கேட்டில் விரலை வைத்தார். மெஷின் அவரைத் தெரியும் என்றது. சந்தோஷம் வரவேண்டிய இடம். அதுவும் வரவில்லை.

பத்து மணிக்குக் கண்ணாடி அறைக்கு வரச் சொன்னார்கள். அங்கே உட்காருகிறவள் முதலாளியின் மருமகள் சத்யப்பிரியா. கல்யாணமாகி வந்து மூன்று மாசம்; பாரீசுக்குப் போகிற காகிதமெல்லாம் இப்போது அவள் பொறுப்பு. வெளியே நிற்கிறவர்களுக்கு அவள் வாய் அசைவது தெரியும், சத்தம் கேட்காது.

அவள் நாற்காலியைக் காட்டினாள். மேசையில் பதினோரு சான்றிதழ்கள். ஒவ்வொன்றிலும் வேறு வேறு நம்பர். ஒவ்வொன்றிலும் எண்ணெய்ப்பனை பச்சைப் பசேலென்று ஓலை விரித்து நின்றது. பெங்களூர்க்காரி ஒரே ராத்திரியில் நியாயம் வாங்கிக் கொடுத்துவிட்டாள் என்று அவருக்கு ஒரு கணம் தோன்றியது.

மரத்தைத் தொட்டுப் பார்த்தார். விரலில் பச்சை ஒட்டிக்கொண்டது.

அவள் பேனாவை அவர் பக்கமாக நகர்த்தினாள். அவர் எடுத்துக்கொண்டார். முதல் தாளில் பேனாவை ஊன்றும்போது இருமல் வந்துவிட்டது.

"சித்தரத்தைய வாயில அடக்கிக்கச் சொன்னேனே ஐயா, அடக்கலையா?"